எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுத்தவர்
அகராதி மேதை நோவா வெப்ஸ்டரின் வாழ்க்கை

இங்கிலீஷ் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை நீளமான சொற்கள்தான். நாலு எழுத்து, ஐந்து எழுத்துச் சொற்களை எப்படியோ சமாளித்து விடுவார்கள். பன்னிரண்டு, பதினைந்து எழுத்துச் சொல் வந்ததும் நாக்கு நின்று விடும். அதை எங்கே பிரிப்பது? எந்த இடத்தில் அழுத்திச் சொல்வது?

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. ‘கி’ என்று எழுதினால் ‘கி’தான். எழுத்தைப் பார்த்ததும் ஓசை வாயில் வந்து விடும். இங்கிலீஷில் எழுத்து ஒன்று, ஓசை வேறு. போதாக்குறைக்கு, அழுத்தம் வேறு இடம் மாறிக் கொண்டே இருக்கும்.

‘ஆரிஜின்’ என்ற சொல்லை எடுத்துக் கொள்ளலாம். தோற்றம் என்பது அதன் பொருள். இதில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அதையே ‘ஒரிஜினல்’ என்று நீட்டினால் அழுத்தம் இரண்டாவது அசையான ‘ரி’க்கு ஓடி விடுகிறது. ‘ஒரிஜினாலிட்டி’ என்று மேலும் நீட்டினால் நாலாவது அசையான ‘னா’வில் போய் உட்கார்ந்து கொள்கிறது. சொல் ஒரே குடும்பம். ஆனால் ஓசை ஒவ்வொன்றிலும் வேறு!

இந்தக் காட்டுக்குள் பிள்ளைகள் நடப்பதற்குப் பாதை வெட்டிக் கொடுத்தவர் ஒரு கிராமத்துப் பள்ளி உபாத்தியாயர். அவர்தான் நோவா வெப்ஸ்டர். வெப்ஸ்டர் அகராதி என்று உலகம் முழுவதும் பெயர் பெற்ற நூலை உண்டாக்கிய அதே வெப்ஸ்டர்.

அடகு வைத்த நிலம்

அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியில் ஹார்ட்போர்டு நகரத்தை அடுத்த ஓர் ஊரில் 1758-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி வெப்ஸ்டர் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. இங்கிலாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் ஒரு விவசாயி. ஓய்ந்த வேளையில் நெசவும் செய்வார். ஐந்து பிள்ளைகளில் நோவா நாலாவது பிள்ளை. கலப்பை பிடிப்பதை விடப் புத்தகம் பிடிப்பதிலேயே அவருக்கு ஆசை அதிகம்.

மகனின் ஆசையைக் கண்ட தகப்பனார் தம் நிலத்தை அடகு வைத்து, அவரை நியூஹேவன் நகரில் உள்ள யேல் கல்லூரிக்கு அனுப்பினார். அது 1774-ம் ஆண்டு. வெப்ஸ்டருக்கு வயது பதினாறு நிறையவில்லை.

மறு ஆண்டே அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டது. கல்லூரி நடப்பதே சிரமமாயிற்று. சாப்பாட்டுக்குப் பஞ்சம். 1777-ல் தகப்பனாரும் பிள்ளைகளும் துப்பாக்கி எடுத்துக் கொண்டு போர்முனைக்குப் புறப்பட்டார்கள். ஆனால் அவர்கள் போய்ச் சேருமுன் சாரடோகாவில் ஆங்கிலேயர் படை சரண் அடைந்து விட்டது.

1778-ல் பட்டம் பெற்று வெப்ஸ்டர் வீடு திரும்பினார். தகப்பனார் ஒரு எட்டு டாலர் நோட்டை அவர் கையில் கொடுத்தார். இனிமேல் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது, பிழைப்பை நீயே தேடிக் கொள்ள வேண்டும் என்று சொல்லி விட்டார். போர்க் காலத்தில் அச்சடித்த அந்த நோட்டுக்கு வெள்ளிக் காசில் பாதி மதிப்புத்தான் இருந்தது.

வெப்ஸ்டர் மனம் உடைந்து போனார். மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிஞர் சாமுவேல் ஜான்சன் எழுதிய கட்டுரைகளைப் படித்துக் கொண்டே கிடந்தார். பிற்காலத்தில் அந்த ஜான்சனின் அகராதியோடுதான் தாம் போட்டியிடப் போகிறோம் என்று அன்று அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூட வாத்தியார்

சட்டம் படிக்க ஆசை. கையில் பணம் இல்லை. எனவே வெப்ஸ்டர் பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போனார். மற்ற நேரத்தில் சட்டம் படித்து, 1781-ல் வக்கீல் ஆனார். ஆனால் போர்க் காலத்தில் கட்சிக்காரர்கள் கிடைக்கவில்லை. மறுபடியும் வாத்தியார் வேலையே சோறு போட்டது.

அந்த நாளில் பள்ளிக்கூடங்களில் இங்கிலாந்திலிருந்து வந்த பாடப் புத்தகங்கள்தான். தாமஸ் டில்வொர்த் என்பவர் 1740-ல் வெளியிட்ட எழுத்துக் கூட்டும் புத்தகம் எங்கும் வழங்கியது. பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

அதில் ஒரு பெரிய கோளாறு இருப்பதை வெப்ஸ்டர் கண்டார். பிள்ளைகள் சொற்களைத் தப்பாக வாசிப்பதற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, புத்தகமே!

‘க்ளூ-ஸ்டர்’ எப்படி வந்தது?

டில்வொர்த் சொற்களைப் பிரித்த முறை பழைய லத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றியது. இரண்டு உயிரெழுத்துக்களுக்கு நடுவே மெய் வந்தால், அந்த மெய்யைப் பின்னால் வரும் அசையோடு சேர்த்து விட வேண்டும் என்பது அந்த முறை.

கொத்து என்று பொருள்படும் ‘கிளஸ்டர்’ என்ற சொல்லை அது ‘க்ளூ-ஸ்டர்’ என்று பிரித்தது. பழக்கம் என்று பொருள்படும் ‘ஹாபிட்’, ‘ஹே-பிட்’ ஆயிற்று. ‘பிஷப்’, ‘பை-ஷப்’ ஆயிற்று.

இங்கிலீஷில் ஓர் அசை உயிரெழுத்தோடு முடிந்தால் அந்த உயிர் பெரும்பாலும் நீண்டு ஒலிக்கும். மெய்யெழுத்து வந்து அடைத்தால் குறுகி ஒலிக்கும். ஆகவே தப்பாகப் பிரித்தால், படிக்கிற பிள்ளை தப்பாகத்தான் உச்சரிக்கும். வாயில் வருவது ஒன்று, புத்தகம் காட்டுவது ஒன்று என்றால் பிள்ளை என்ன செய்யும்?

‘நேஷன்’ என்ற சொல்லின் கதி இன்னும் மோசம். டி, ஐ, ஓ, என் என்று முடியும் சொற்கள் இங்கிலீஷில் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தக் கடைசி நாலு எழுத்தையும் ஜனங்கள் ‘ஷன்’ என்று ஒரே மூச்சில் சொல்லி வந்தார்கள். பழைய புத்தகமோ அதை இரண்டாக வெட்டி, இரண்டு அசைச் சொல்லை மூன்று அசைச் சொல் ஆக்கியது.

வெப்ஸ்டர் இதையெல்லாம் தலைகீழாக மாற்றினார். காது எங்கே பிரிக்கிறதோ அங்கேதான் கையும் பிரிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கிளஸ்-டர், ஹாப்-இட், பிஷ்-அப், நே-ஷன். அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு மலையளவு சுமை குறைந்தது.

நீல அட்டைப் புத்தகம்

நியூயார்க் மாகாணத்தில் உள்ள கோஷன் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்திக் கொண்டே வெப்ஸ்டர் தம்முடைய புத்தகத்தை எழுதினார். அச்சுச் செலவைத் தாமே ஏற்க வேண்டியிருந்தது. 1783-ல் ஹார்ட்போர்டு நகரில் 5,000 பிரதிகள் அச்சாயின. அமெரிக்காவின் சுதந்திரத்தை இங்கிலாந்து ஒப்புக் கொண்டு உடன்படிக்கை செய்ததும் அதே ஆண்டில்தான். அப்போது வெப்ஸ்டருக்கு வயது இருபத்து நாலு.

புத்தகத்துக்கு முதலில் நீண்ட ஒரு பெயர் இருந்தது. பிறகு ‘அமெரிக்க எழுத்துக் கூட்டும் புத்தகம்’ என்று மாறியது. ஜனங்கள் இரண்டு பெயரையும் விட்டு விட்டார்கள். அட்டை நீல நிறமாக இருந்ததால் ‘நீல அட்டை’ என்றே அழைத்தார்கள்.

அதன் அமைப்பு படிப்படியாக ஏறும் மாடிப்படி போன்றது. முதலில் எழுத்துக்கள். அடுத்து மெய்யும் உயிரும் சேர்ந்த ஓசைகள்: பே, பீ, பை, போ என்று வரிசை வரிசையாக. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் க, கா, கி, கீ சொல்லிக் கொடுத்தது போலத்தான். அப்புறம் ஓரசைச் சொற்கள். பிறகு ஈரசை, மூவசை என்று நீண்டு கொண்டே போகும்.

இதில் ஒரு நுட்பமும் செய்தார். அசைக் கணக்கோடு, அழுத்தம் விழும் இடத்தையும் பார்த்துச் சொற்களைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்தார். மூவசைச் சொற்களில் முதல் அசையில் அழுத்தம் உள்ளவை ஒரு பட்டியல். இரண்டாவது அசையில் அழுத்தம் உள்ளவை இன்னொரு பட்டியல். ஒரு பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாம் ஒரே மெட்டில் ஒலிக்கும். பிள்ளைகள் வாய்ப்பாடு போல ராகம் போட்டு ஒப்பித்தார்கள். ஒரு சொல்லின் மெட்டுத் தெரிந்தால், அடுத்த நூறு சொற்களின் மெட்டும் தானே வந்து விடும்!

சொல்லின் வாலைப் பார்த்தே அழுத்தத்தைக் கண்டு கொள்ளவும் இந்தப் பயிற்சி உதவியது. ‘ஷன்’ என்று முடியும் சொல் எவ்வளவு நீளமானாலும், அதற்கு முந்திய அசையில்தான் அழுத்தம். எஜு-கே-ஷன், இமி-டே-ஷன் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். ‘இட்டி’ என்று முடிந்தாலும் அதே கதைதான். ‘ஒரிஜினாலிட்டி’யில் ‘னா’ அழுத்தம் பெறுவது இதனால்தான்.

ஈரசைச் சொற்களின் முதல் பட்டியல், ரொட்டி சுடுகிறவரைக் குறிக்கும் ‘பேக்கர்’ என்ற சொல்லோடு தொடங்கியது. பையன் ‘பேக்கர்’ வரை வந்து விட்டான் என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஓரசையைத் தாண்டி விட்டான் என்று அர்த்தம்!

இங்கிலாந்து ஊர்ப் பெயர்களை நீக்கி விட்டு, அமெரிக்க ஊர்ப் பெயர்களைப் புத்தகத்தில் வெப்ஸ்டர் சேர்த்தார். புது நாட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊரின் பெயரைத் தங்கள் புத்தகத்திலேயே படித்தார்கள்.

ஆசிரியர் உரிமைக்குப் போராட்டம்

புத்தகம் நன்றாக விற்றது. விற்றதுமே வேறொரு கவலை வந்தது. யார் வேண்டுமானாலும் திருட்டுத்தனமாக அச்சடிக்கலாம். தடுக்க நாடு முழுவதற்கும் சட்டம் இல்லை.

வெப்ஸ்டர் ஒவ்வொரு ராஜ்யமாக ஏறி இறங்கினார். குதிரை மீதும், வண்டியிலும், கப்பலிலும் பிரயாணம். சட்டசபை அங்கத்தினர்களைக் கண்டு பேசினார். 1785-ல் ஜார்ஜ் வாஷிங்டனை அவர் வீட்டிலேயே சந்தித்தார். 1790-ல் அமெரிக்கா முழுவதற்கும் ஆசிரியர் உரிமைச் சட்டம் வந்தது. 1831-ல் அந்த உரிமைக் காலம் 14 ஆண்டிலிருந்து 28 ஆண்டாக நீண்டதற்கும் அவருடைய முயற்சி ஒரு முக்கிய காரணம்.

ஒரு பிரதிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சென்டுக்கும் குறைவுதான். ஆனால் விற்பனை பெருகியதால் அதுவே குடும்பத்தைக் காப்பாற்றியது. 1789-ல் பாஸ்டன் நகரத்து ரெபெக்கா கிரீன்லீப் என்ற பெண்ணை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்தன.

1793-ல் நியூயார்க்கில் தினசரிப் பத்திரிகை ஒன்றும் தொடங்கினார். அரசியலில் கடுமையாக எழுதினார். விரோதிகளும் பெருகினார்கள். தமக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் அவரிடம் கொஞ்சம் அதிகம். அதனால் நண்பர்களும் சில சமயம் ஒதுங்கிப் போனதுண்டு.

தனி மனிதர் செய்த அகராதி

1798-ல் பத்திரிகை வேலையை விட்டு நியூஹேவன் நகரத்துக்குக் குடி போனார். இனி அகராதிதான் தம் தொழில் என்று தீர்மானித்தார். 1806-ல் சிறிய அகராதி ஒன்று வெளி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பெரிய அகராதிக்கு உட்கார்ந்தார்.

உதவிக்குக் குழு கிடையாது. வளைந்த ஒரு மேஜை செய்து, அதன் மேல் பல பாஷைகளின் அகராதிகளைப் பரப்பி வைத்துக் கொண்டார். ஒரு சொல்லை எடுத்துக் கொண்டு, ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்துக் கொண்டே மேஜையைச் சுற்றி வருவார். இப்படி ஏறக்குறைய 20 பாஷைகளுக்கு மேல் ஆராய்ந்தார். பணம் போதாமல் 1812-ல் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூருக்கு வீட்டை மாற்றிக் கொண்டார். அங்கே பத்து ஆண்டுகள்.

1824-ல், 65 வயதில், மகனை அழைத்துக் கொண்டு கப்பல் ஏறினார். பாரிஸ் நூலகத்தில் சில மாதம், பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் சில மாதம். அங்கேதான் 1825 ஜனவரியில் கடைசிச் சொல்லை எழுதி முடித்தார். அந்த நிமிஷத்தில் பேனாவைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. எழுந்து அறைக்குள் சற்று நேரம் நடந்த பிறகே உடம்பு நிதானத்துக்கு வந்தது.

1828-ல் இரண்டு பெரிய பாகங்களாக அகராதி வெளி வந்தது. சுமார் 70,000 சொற்கள். விலை 20 டாலர். 2,500 பிரதிகள். ஆசிரியருக்கு வயது எழுபது.

சொல்லில் அழுத்தம் எங்கே என்பதைக் காட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் குறி போட்டிருந்தார். ஜான்சன் காணாத அமெரிக்கச் சொற்களும் அதில் இடம் பெற்றன. ‘கலர்’ என்ற சொல்லில் தேவையில்லாத யு எழுத்தை எடுத்தார். ‘மியூசிக்’ என்ற சொல்லின் கடைசியில் இருந்த கே எழுத்தை எடுத்தார். அவை நிலைத்தன. நாக்கைக் குறிக்கும் ‘டங்’, பெண்களைக் குறிக்கும் ‘விமென்’ ஆகிய சொற்களையும் ஓசைப்படியே எழுதிப் பார்த்தார். ஜனங்கள் அதை ஏற்கவில்லை.

சறுக்கிய இடம்

இவ்வளவு பெரிய அறிஞரும் ஒரு விஷயத்தில் சறுக்கினார். அதுதான் சொல்லின் வேர் ஆராய்ச்சி.

உலகத்துப் பாஷைகள் எல்லாம் பைபிளில் சொல்லும் ஆதி பாஷை ஒன்றிலிருந்தே பிரிந்தவை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி, ஓசை ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டினார்.

சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு குடும்பம் என்று 1786-லேயே கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துச் சொல்லியிருந்தார். ஜெர்மனியில் அறிஞர்கள் அந்த வழியில் புதிய விஞ்ஞானத்தையே உண்டாக்கி விட்டார்கள். வெப்ஸ்டர் அதற்குப் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை. அதனால் அவர் காட்டிய வேர்களில் பல தவறாகப் போயின. அவர் இறந்த பிறகு, 1864-ல் வந்த பதிப்பில் மான் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கொண்டு அந்தப் பகுதியை முழுக்கத் திருத்த வேண்டியதாயிற்று.

இதில் ஒரு படிப்பினை உண்டு. பிள்ளைகளின் வாயைக் கவனித்து அவர் எழுதியது நிலைத்தது. தம் நம்பிக்கையை வைத்து ஊகித்தது நிலைக்கவில்லை.

ஓசையா, வேரா?

ஒரு சொல்லை ஓசைப்படி பிரிப்பதா, உறுப்புப்படி பிரிப்பதா என்ற வழக்கு அவரோடு முடிந்து விடவில்லை. அறிவு என்று பொருள்படும் ‘நாலெட்ஜ்’ என்ற சொல் வரிக் கடைசியில் வந்து, பாதியை அடுத்த வரியில் போட வேண்டியிருந்தால் எங்கே வெட்டுவது? அமெரிக்க அச்சகத்தார் ஓசையைப் பார்த்து, டபிள்யு, எல் இரண்டையும் முன்பாதியிலேயே நிறுத்துவார்கள். பிரிட்டிஷ் அச்சகத்தாரின் மரபு வேறு. ‘நோ’ என்ற மூலச் சொல் சிதையக் கூடாது என்று, டபிள்யு எழுத்தோடு வெட்டுவார்கள்.

‘டெமாக்ரஸி’யும் அப்படித்தான். மக்கள் என்ற பொருளுள்ள ‘டெமோ’ ஒரு துண்டு. ஆட்சி என்ற பொருளுள்ள ‘க்ரஸி’ ஒரு துண்டு. பொருளைப் புரிந்து கொள்ள இந்தப் பிரிவு உதவும். ஆனால் வாய்விட்டுப் படிப்பவனுக்கு டி-மாக்-ரஸி என்ற பிரிவுதான் உதவும். அழுத்தம் ‘மாக்’கில் இருக்கிறது. இரண்டும் தெரிந்தவனே சொல்லை முழுதும் அறிந்தவன்.

அடிமைகளின் கண்ணைத் திறந்த நூல்

நீல அட்டைப் புத்தகத்தின் பெருமை பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் தென் பகுதிகளில் நீக்ரோ அடிமைகள் எழுதப் படிக்கக் கூடாது என்று எஜமானர்கள் தடுத்து வந்தார்கள். பால்டிமோர் நகரத்தில் அடிமையாக இருந்த பிரெடரிக் டக்ளஸ் என்ற சிறுவன், இந்தப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்களைப் பார்க்காமல் எழுத வரும் வரை திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிப் பழகினான். பின்னாளில் அவர் அடிமை முறையை எதிர்த்து நாடே கேட்கும்படி முழங்கினார்.

அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, உப்புக் காய்ச்சும் ஊர் ஒன்றில் ஓர் ஏழைத் தாய் தன் மகனுக்கு எப்படியோ ஒரு பழைய நீல அட்டைப் புத்தகம் தேடிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. பையன் தானே முட்டி மோதி எழுத்துக்களைக் கற்றான். அந்தப் பையன்தான் கல்விமான் புக்கர் வாஷிங்டன்.

கடைசி நாட்கள்

1828-ம் ஆண்டு அகராதி புகழைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. இரண்டாவது பதிப்புக்காக வெப்ஸ்டர் வீட்டையே அடகு வைத்தார். தகப்பனார் மகனின் படிப்புக்காக நிலத்தை அடகு வைத்தார். மகன் நாட்டின் படிப்புக்காக வீட்டை அடகு வைத்தார்.

1843-ம் ஆண்டு மே 28-ந் தேதி நியூஹேவனில் 84-வது வயதில் அவர் காலமானார். அகராதியின் உரிமையை ஜார்ஜ் மெரியம், சார்லஸ் மெரியம் என்ற சகோதரர்கள் வாங்கினார்கள். 1847-ல் 6 டாலர் விலையில் மலிவாக வெளியிட்டார்கள். அதன் பிறகே அது வீட்டுக்கு வீடு புகுந்தது.

அமெரிக்காவில் 1925-லிருந்து தேசிய எழுத்துக் கூட்டும் போட்டி நடந்து வருகிறது. அதற்குச் சட்டப் புத்தகம் வெப்ஸ்டர் பெயர் தாங்கிய அகராதிதான். 1985-ல் பாலு நடராஜன் என்ற சிறுவன் அதில் வெற்றி பெற்றான். அப்படி வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவன். அவனுக்குப் பின் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பலர் அந்தக் கோப்பையை வென்றிருக்கிறார்கள்.

மேடையில் நிற்கும் பிள்ளை, நீளமான சொல் ஒன்றைக் கேட்டதும் வாய்க்குள் அசை அசையாக முணுமுணுத்துப் பார்க்கிறது. அழுத்தம் எங்கே, வால் எங்கே என்று தேடுகிறது. கோஷன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏழை வாத்தியார் கண்டுபிடித்துக் கொடுத்த வழி அது.